ஃபோர்க்லிஃப்ட் ஸ்டியரிங் பழுது: ஓட்டுநரைக் குற்றம் சொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஃபோர்க் எனப்படும் இரும்புக் கரங்களால் சரக்கைத் தூக்கிச் செல்லும் வண்டிதான் ஃபோர்க்லிஃப்ட். கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் நேரும் ஃபோர்க்லிஃப்ட் விபத்துகளைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் நான்கைந்து வரிகளில் முடிந்துவிடுகின்றன. வண்டி கட்டுப்பாட்டை இழந்து ரேக்கில் மோதியது, தொழிலாளி ஒருவர் சிக்கிக்கொண்டார், ஓட்டுநர் மீது வழக்குப் பதிவு செய்யப்பட்டது என்பதோடு சரி. அந்தக் கட்டுப்பாடு எப்படிப் போயிற்று, முந்தைய வாரங்களில் ஸ்டியரிங் எப்படி இருந்தது, அதைப் பற்றி யாராவது எங்காவது எழுதி வைத்தார்களா என்ற கேள்விகள் அநேகமாக எழுவதே இல்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பல ஆண்டுகள் இந்த வண்டிகளின் பராமரிப்புப் பொறுப்பில் இருந்தவன் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஃபோர்க்லிஃப்டின் ஸ்டியரிங் முன்னறிவிப்பே இல்லாமல் பழுதாவது அரிது. பல நாட்களுக்கு முன்பே அது அறிகுறி காட்டிவிடுகிறது. அந்த அறிகுறியைக் கேட்டுக்கொள்ளவும், பதிவு செய்யவும், வண்டியை ஓரங்கட்டவும் நம் கிடங்குகளில் முறையான ஏற்பாடு இல்லை.

இந்த வண்டியைக் காரையோ லாரியையோ போல எண்ணிக்கொள்வதிலிருந்தே தவறு தொடங்குகிறது. ஃபோர்க்லிஃப்டில் திரும்புபவை பின்சக்கரங்கள். குறுகிய இடத்தில் சுழல வேண்டும் என்பதற்காக அவை ஏறக்குறைய 80 பாகை வரை திரும்பும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. அதனால் கிங் பின்னும் (சக்கரம் திரும்பும் அச்சுத் தண்டு), இணைப்புத் தண்டுகளும், அவற்றின் பேரிங்குகளும் சாலை வாகனங்களில் படாத பாடு படுகின்றன. எடைப் பகிர்வும் வேறு. 3 டன் தூக்கும் டீசல் வண்டியின் சொந்த எடை 4 டன்னுக்கு மேல் இருக்கும். அது காலியாக நிற்கும்போது, பின்னால் உள்ள கவுண்டர்வெயிட்டின் (எதிர்எடைக் கட்டியின்) காரணமாக, அந்த எடையில் பாதிக்கும் மேல் திரும்பும் சக்கரங்களின் மீதே இறங்குகிறது. முழுச் சுமையைத் தூக்கியவுடன் நிலைமை தலைகீழாகிறது. மொத்த எடையில் 85 முதல் 90 விழுக்காடு வரை முன்சக்கரங்களுக்குப் போய்விடுகிறது.

இதனால், காலி வண்டியில் ஸ்டியரிங் சற்றுக் கனமாகவும் சுமையேற்றிய வண்டியில் இலேசாகவும் இருப்பது இயல்பு. ஸ்டியரிங் இறுகிப்போனால் ஓட்டுநர் உடனே புகார் செய்கிறார். இலேசாகிவிட்டால் யாரும் புகார் செய்வதில்லை. ஆனால் சுமையோடு செல்லும்போது ஸ்டியரிங் சக்கரத்தைத் திருப்பியும் வண்டி தாமதமாகத் திரும்பினாலோ, தளத்தின் சிறு மேட்டில் ஏறும்போது பின்பக்கம் தரையைத் தொடாதது போலத் தோன்றினாலோ, அது ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) கோளாறு அன்று. அளவுக்கு மீறிய சுமை ஏற்றப்பட்டிருக்கிறது, அல்லது சுமையின் மையம் ஃபோர்க்கின் அடிப்பகுதியிலிருந்து வெகுதூரம் முன்னே தள்ளிப் போயிருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் மெக்கானிக்கை அழைத்துப் பயனில்லை. சுமையை இறக்கிவிட்டு, ஃபோர்க்கை ஏற்றி இறக்கும் செங்குத்துச் சட்டமான மாஸ்டின் மேலோ டாஷ்போர்டின் அருகிலோ உள்ள, எவ்வளவு எடை தூக்கலாம் என்று சொல்லும் திறன் தகட்டைப் படிக்க வேண்டும். பல வண்டிகளில் அந்தத் தகடு பெயின்ட் பூசி மறைக்கப்பட்டிருக்கும் என்பது வேறு கதை.

இன்றைய டீசல், எல்.பி.ஜி. வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஸ்டியரிங் சக்கரத்துக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையில் இரும்பாலான இணைப்பு எதுவும் கிடையாது. ஸ்டியரிங் தண்டின் அடியில், பணிமனைகளில் ஆர்பிட்ரால் என்று வழங்கும் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறது. பம்ப் அனுப்பும் எண்ணெயை, நாம் சக்கரத்தைச் சுற்றும் அளவுக்கேற்ப அளந்து, பின் ஆக்சிலில் உள்ள ஸ்டியரிங் சிலிண்டரின் ஒரு பக்கத்துக்கு அது அனுப்புகிறது. மாஸ்டைத் தூக்கும் எண்ணெயும் ஸ்டியரிங்குக்குரிய எண்ணெயும் பல மாடல்களில் ஒரே பம்பிலிருந்து வருவதால், முதலில் ஸ்டியரிங்குக்கு, மீதி மாஸ்டுக்கு என்று பங்கிட்டுத் தர ப்ரையாரிட்டி வால்வு என்ற ஒன்று நடுவில் வைக்கப்படுகிறது. எஞ்சின் நின்றுவிட்டால் பெரும்பாலான வண்டிகளில் ஆர்பிட்ரால் ஒரு கைப்பம்பைப் போல வேலை செய்து, மிகுந்த பலத்தோடு சுற்றினால் வண்டியைத் திருப்ப இடம் தருகிறது. அந்த வசதி வண்டியை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்துவதற்காக மட்டுமே. பவர் போன ஸ்டியரிங்கோடு அரை ஷிஃப்ட் ஓட்டச் சொல்லும் மேற்பார்வையாளர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்டியரிங் இறுகுகிறது என்று ஓட்டுநர் சொன்னால், மெக்கானிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி எப்போது என்பதுதான். எப்போதும் இறுகுகிறதா, எஞ்சின் ஐடிலில் இருக்கும்போது மட்டுமா, மாஸ்டைத் தூக்கிக்கொண்டே திருப்பும்போது மட்டுமா, காலையில் மட்டுமா, இரண்டு மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகா? இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. ஐடிலில் இறுகி, ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் சரியாகிவிட்டால், பம்ப் தேய்ந்து போதிய எண்ணெயைத் தள்ளவில்லை என்று கருதலாம். மாஸ்ட் லீவரை இழுக்கும்போது மட்டும் இறுகினால் ப்ரையாரிட்டி வால்வு தூசியால் சிக்கியிருக்கக்கூடும், அல்லது அதற்கு ஆர்பிட்ராலிலிருந்து செய்தி கொண்டுபோகும் மெல்லிய குழாயோ அதன் சிறு துளையோ அடைபட்டிருக்கக்கூடும். எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, சூடேறிய பிறகு தளர்ந்தால், உட்கசிவு இருக்கிறது. எண்ணெய் நீர்த்ததும் தேய்ந்த இடைவெளிகள் வழியே அது நழுவுகிறது. எப்போதும் ஒரே அளவில் இறுகினால், ஹைட்ராலிக் பக்கம் போவதற்கு முன்பு டயரின் காற்றையும், கிங் பின் க்ரீஸையும் பார்ப்பது நல்லது.

எண்ணெய் அளவைப் பார்ப்பதைப் போல எளிய வேலை இல்லை என்று தோன்றும். ஆனால் அதையே தவறாகச் செய்கிறார்கள். மாஸ்டை முழுவதும் இறக்கி, ஃபோர்க்கைத் தரையில் வைத்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்திய பிறகே அளவுக்கோலை எடுக்க வேண்டும். மாஸ்ட் உயர்ந்திருக்கும்போது எண்ணெயில் பெரும்பகுதி தூக்கும் சிலிண்டர்களில் இருக்கும். டேங்கில் அளவு குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து ஒருவர் 5 லிட்டரை ஊற்றிவிடுவார். மாஸ்டை இறக்கியதும் டேங்கின் மூச்சுக்குழல் (காற்று போய்வரும் வழி) வழியே எண்ணெய் வெளியே வழியும். மறுநாள் வருபவர் அதைக் கசிவு என்று எண்ணி ஹோஸ்களைக் கழற்றுவார். எண்ணெயின் நிறத்தையும் கூடவே பார்க்க வேண்டும். பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் தண்ணீரோ காற்றோ கலந்திருக்கிறது. திறந்தவெளியில் மழையில் நனைந்து நிற்கும் வண்டிகளில் இது சாதாரணம். சற்று நேரம் நிறுத்தி வைத்ததும் வெண்மை கீழிருந்து மேலாகத் தெளிந்தால் காற்று. தெளியாமலே இருந்தால் தண்ணீர். கறுத்துக் கருகல் வாடை அடித்தால் எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது.

காற்று கலந்த எண்ணெய்க்கு இன்னோர் அடையாளம் உண்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அது ஒரே சீராகத் திரும்பாமல் விட்டுவிட்டு இழுக்கும். பம்பிலிருந்து கூர்மையான முனகல் கேட்கும். பம்பின் உறிஞ்சுபக்க ஹோஸ் வெடித்திருந்தாலோ, அதன் கிளிப் தளர்ந்திருந்தாலோ, வெளியே ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசியாமல் உள்ளே காற்று போய்க்கொண்டிருக்கும். கசிவு இல்லை, ஆகவே ஹோஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது இங்கே பொருந்தாது. டேங்கின் உள்ளே இருக்கும் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) அடைபட்டாலும் இதே சத்தம்தான். அழுத்தமுள்ள பக்கத்தில் ஊசித்துளை போன்ற கசிவைத் தேடும்போது மட்டும் கையால் தடவிப் பார்க்கக் கூடாது. அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்; வெளியே சிறு புள்ளி போலத் தெரிந்தாலும் அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும் காயம் அது. ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்ப்பதே முறை.

அடுத்தது, ஸ்டியரிங் நழுவுவது. நேராக ஓட்டும்போதும் அடிக்கடி ஒரு பக்கமாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, சக்கரத்தில் இடது கைக்கென்று உள்ள குமிழ் காலையில் ஒன்பது மணி இடத்தில் இருந்தது, மாலையில் மூன்று மணி இடத்துக்கு வந்துவிட்டது என்றெல்லாம் ஓட்டுநர்கள் சொல்வார்கள். குமிழ் கொஞ்சம் இடம் மாறுவது இந்த வகை ஸ்டியரிங்கின் இயல்பு. இரும்பு இணைப்பு இல்லாததால் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவு எண்ணெய் நழுவத்தான் செய்யும். டொயோட்டாவின் சில மாடல்களில் அதைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடுகூட உண்டு. ஆனால் ஸ்டியரிங் சக்கரத்தை முழுவதுமாக ஒரு பக்கம் திருப்பி, முட்டுக்கு (அதற்கு மேல் திரும்ப முடியாத எல்லைக்கு) வந்த பிறகும் சற்று அழுத்திப் பிடித்தால் அது எளிதாகச் சுற்றிக்கொண்டே போகிறதென்றால், அது இயல்பு அன்று. ஆர்பிட்ராலின் உள்ளேயோ சிலிண்டரின் பிஸ்டன் சீலிலோ (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையத்திலோ) எண்ணெய் குறுக்கே கடந்து செல்கிறது.

இந்த இரண்டில் எது என்று தெரியாமலேயே பெரும்பாலும் ஆர்பிட்ராலைத்தான் மாற்றிவிடுகிறார்கள். காரணம், அது ஓட்டுநர் காலடியில் இருக்கிறது, கழற்றுவது சுலபம். சிலிண்டர் கவுண்டர்வெயிட்டுக்கு அடியில், அழுக்குக்குள் கிடக்கிறது. பிரித்தறியும் முறை ஒன்றும் மாயமன்று. பிஸ்டனை ஒரு முட்டுக்குக் கொண்டுவந்து, எஞ்சினை நிறுத்தி, அழுத்தத்தை விடுவித்துவிட்டு, சிலிண்டரின் திரும்பும் பக்கக் குழாயைக் கழற்றி, ஆர்பிட்ராலுக்குப் போகும் முனையை அடைப்பான் கொண்டு மூடிவிட வேண்டும். பிறகு எஞ்சினை இயக்கி, அதே முட்டின் பக்கமாகவே ஸ்டியரிங்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். கழற்றிய சிலிண்டர் வாயிலிருந்து எண்ணெய் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. வராமல், ஸ்டியரிங் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால் ஆர்பிட்ரால் தேய்ந்திருக்கிறது. இதைச் செய்பவர் பயிற்சி பெற்ற மெக்கானிக்காக இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் தவறிக்கூடத் திருப்பிவிடக் கூடாது. வண்டியைச் சுற்றி ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. இவ்வளவுக்கும் அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியை மிச்சப்படுத்தப் போய் ஆயிரக்கணக்கில் செலவு செய்யும் நிறுவனங்கள் உண்டு.

ஆர்பிட்ராலைப் பிரித்து சீல் கிட் போடுவதைப் பற்றியும் ஒரு சொல். அதன் உள்ளே சுழலும் பல்சக்கரத்துக்கும் அதை இயக்கும் தண்டுக்கும் இடையில் குறியீடு பொருந்தி அமைய வேண்டும். அது தவறினால், எஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் ஸ்டியரிங் சக்கரம் தானாகவே வேகமாகச் சுழலத் தொடங்கும். குமிழைப் பிடித்திருப்பவரின் மணிக்கட்டு போய்விடும். உள்ளே உள்ள மையப்படுத்தும் தகட்டு ஸ்பிரிங்குகள் முறிந்திருந்தாலும், கையை எடுத்த பிறகு சக்கரம் நடுநிலைக்கு வராமல் தானே திரும்பிக்கொண்டிருக்கும். சுத்தமான மேசையோ சரியான படமோ இல்லாத இடத்தில், பழைய துணியால் துடைத்து, அந்தத் துணியின் நூலையும் உள்ளே விட்டு மூடிவிட்டு, பழுது நீங்கிவிட்டது என்று அனுப்பப்படும் ஆர்பிட்ரால்கள் ஏராளம். அதன் இடைவெளிகள் தலைமயிரின் பருமனைவிடப் பல மடங்கு சிறியவை. ஒரு துகளே போதும்.

இரும்புப் பாகங்களின் தேய்மானம் மூன்றாவது வகை. ஹைட்ராலிக் எல்லாம் நன்றாக இருந்தும் வண்டி நேர்கோட்டில் போகாமல் அலைந்தால், கிங் பின் பேரிங், டை ராடு முனைகள், இணைப்பு பின்கள், பின் ஆக்சிலைச் சட்டத்தோடு தாங்கும் புஷ்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பின்பக்கத்தைப் பாதுகாப்பாக ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டைகளின் மேல் இறக்கி, சக்கரத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் பிடித்து ஆட்டினால் பேரிங்கின் தளர்ச்சி கைக்குத் தெரியும். சிலிண்டர் இணைப்பைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை மட்டும் கையால் திருப்பிப் பார்த்தால், இறுக்கம் இரும்பிலா எண்ணெயிலா என்பது அங்கேயே தீர்ந்துவிடும்.

இந்த எளிய சோதனையைச் செய்யாததால் என்ன ஆகும் என்பதற்கு, பெயர் சொல்ல வேண்டாத ஒரு கிடங்கில் நான் கண்டது ஒன்றைக் குறிப்பிடுகிறேன். 3 டன் டீசல் வண்டி ஒன்றில் ஸ்டியரிங் இறுகுகிறது என்று புகார். பராமரிப்பு ஒப்பந்தக்காரர்கள் முதலில் ஆர்பிட்ராலை மாற்றினார்கள். இறுக்கம் போகவில்லை. அடுத்துப் பம்பை மாற்றினார்கள். அதன் பிறகு, அழுத்தம் அளவு மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வின் அழுத்தத்தைக் கையேட்டில் உள்ளதைவிடக் கூட்டி வைத்தார்கள். ஸ்டியரிங் கொஞ்சம் இலேசாயிற்று, சிலிண்டரின் சீல் பிய்ந்து எண்ணெய் கொட்டியது. கடைசியில் பார்த்தால், வண்டிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தபோது வலப்பக்கக் கிங் பின்னின் க்ரீஸ் நிப்பிள் மேல் பெயின்ட் படிந்து அடைபட்டிருக்கிறது. க்ரீஸ் கன்னை வைத்து அழுத்தியவர், க்ரீஸ் பக்கவாட்டில் பிதுங்கி வந்ததைப் பார்த்து, உள்ளே போய்விட்டது என்று எழுதிவிட்டார். பேரிங் துருப்பிடித்து இறுகியிருந்தது. சில ரூபாய் பெறாத நிப்பிள் அது. இத்தனை காலமும் அந்த வண்டியை ஓட்டியவர், வலப்பக்கம் திருப்பினால்தான் அதிகமாக இறுகுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். செக்லிஸ்டில் ஸ்டியரிங் என்ற வரிக்கு எதிரே தினமும் டிக் போடப்பட்டிருந்தது.

கிடங்குகளுக்கே உரிய இன்னொரு காரணம், சரக்கைச் சுற்றும் பிளாஸ்டிக் படலமும் கட்டுப்பட்டையும். பிரித்த பிறகு தரையில் வீசப்படும் இவை பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, சக்கரத்தின் ஹப்புக்கும் அதைத் தாங்கும் நக்கிளுக்கும் இடையில் கயிறு போல முறுக்கேறி, சூட்டில் உருகி, எண்ணெய் சீலை அறுத்துவிடுகின்றன. கத்தியால் அறுத்து எடுத்தால் ஒரு கைப்பிடி அளவுக்குக் கறுத்த பிளாஸ்டிக் உருண்டை வரும். வண்டியைக் குனிந்து பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

மின்கல வண்டிகள் பெருகிவருவதால் அவற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இவற்றில் சிலவற்றில் ஹைட்ராலிக் ஸ்டியரிங்கே இருக்கிறது. பம்பைச் சுற்றத் தனி மோட்டார் உண்டு. சில மாடல்களில் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்ததை ஸ்விட்ச் உணர்ந்த பிறகுதான் அந்த மோட்டார் ஓடும். இருக்கையின் ஸ்விட்ச் தேய்ந்து, மேடு பள்ளத்தில் தொடர்பு விட்டுவிட்டு வந்தால், ஸ்டியரிங்கும் விட்டுவிட்டு இறுகும். ஹைட்ராலிக்கில் எதைத் தேடினாலும் கிடைக்காது. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்வது, காண்டாக்டர் கருகுவது, பேட்டரியின் மின்னழுத்தம் ஷிஃப்டின் கடைசியில் விழுந்துவிடுவது ஆகியவையும் இதே விளைவைத் தரும். உயர்ந்த அடுக்குகளில் சரக்கு வைக்கும் ரீச் டிரக்குகளில் பெரும்பாலும் ஸ்டியரிங் முழுவதும் மின்சாரத்தால் நடக்கிறது. சக்கரம் எத்தனை பாகை திரும்பியிருக்கிறது என்பதை ஒரு சென்சார் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்கிறது. அந்த சென்சாரின் கனெக்டரில் அமிலப் புகையால் பச்சை படிந்தாலோ, தண்ணீர் பீச்சிக் கழுவியதில் ஈரம் புகுந்தாலோ, திரையில் பிழைக் குறியீடு தோன்றி வண்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் அல்லது நின்றுவிடும். நம்மவர்கள் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் வைத்தியம், பேட்டரி பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுவது. குறியீடு மறைந்துவிடும், வண்டியும் ஓடும். ஒரே ஷிஃப்டில் இதை மூன்று நான்கு முறை செய்துகொண்டு, மேலடுக்கில் சரக்கு வைக்கும் வண்டியை ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதை அந்த இடத்தில் நிற்பவர்கள் உணர்வதில்லை. பிளக்கைப் பிடுங்கும் முன் அந்தக் குறியீட்டின் எண்ணைச் செல்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தாலே போதும். மெக்கானிக்குக் கோளாறின் முகவரி கிடைத்துவிடும்.

இவ்வளவையும் விரித்துச் சொல்லக் காரணம், இவற்றில் பெரும்பாலானவை ஒரே நாளில் வருவதில்லை என்பதுதான். அப்படியிருந்தும் இவை கவனிக்கப்படாமல் போவதற்குச் சட்டத்தில் உள்ள ஓர் இடைவெளியும் காரணம் என்பது என் எண்ணம். கிடங்கின் வாசலுக்கு வரும் லாரிக்குக் குறித்த காலந்தோறும் தகுதிச் சான்று வேண்டும், எஃப்.சி.க்குப் போகும்போது அதன் ஸ்டியரிங்கையும் பார்க்கிறார்கள். அந்த லாரியில் சரக்கை ஏற்றும் ஃபோர்க்லிஃப்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பொதுச் சாலைக்கு வரும் ஃபோர்க்லிஃப்டை மத்திய மோட்டார் வாகன விதிகள் கட்டுமான இயந்திர வாகனங்களோடு சேர்த்திருக்கின்றன; ஆனால் தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைக்கப்பட்ட வளாகத்துக்குள்ளோ மட்டும் பயன்படுத்தவென்று அமைந்த சிறப்பு வகை வண்டிகளை, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தன் 2(28)-ஆவது பிரிவிலேயே மோட்டார் வாகனம் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்திவிட்டது. மறுபுறம், 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆவது பிரிவிலிருந்து வந்த வழக்கப்படி, தூக்கும் இயந்திரங்களைத் தகுதி பெற்ற நபர் 12 மாதங்களுக்கு ஒருமுறை முழுமையாக ஆய்வு செய்கிறார். அந்த ஆய்வின் நோக்கம் தூக்குவது. நான் பார்த்த சான்றிதழ்களில் மாஸ்ட், சங்கிலி, ஃபோர்க், சுமைச் சோதனை எல்லாம் இருக்கும். கிங் பின்னும் ஸ்டியரிங் சிலிண்டரும் அநேகமாக இருக்காது. ஆக, இந்த வண்டி தூக்குமா என்பதற்குச் சான்று உண்டு. திரும்புமா என்பதற்கு இல்லை.

பிற நாடுகளில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்தால், பெரிய செலவு பிடிக்கும் காரியம் எதுவும் தெரியவில்லை. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு விதிகளில் 1910.178 என்ற பகுதி, இந்த வண்டிகளை நாள்தோறும் பணிக்கு எடுக்கும் முன் பார்க்க வேண்டும், இரவு பகலாக ஓடும் இடங்களில் ஒவ்வொரு ஷிஃப்டின் முடிவிலும் பார்க்க வேண்டும், குறை கண்டால் சரிசெய்யும் வரை வண்டியைப் பணியிலிருந்து விலக்க வேண்டும் என்று சொல்கிறது. பிரிட்டனில் தூக்கும் கருவிகளுக்கான 1998-ஆம் ஆண்டு விதிகள் மாஸ்டையும் ஃபோர்க்கையும் பார்த்துக்கொள்கின்றன. பிரேக்கும் ஸ்டியரிங்கும் அதே ஆண்டு வந்த, பணிக்கருவிகளுக்கான வேறொரு விதித்தொகுப்பின் கீழ் வருகின்றன. ஆய்வாளர் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிட வழி இருக்கிறது. நம் மாநிலத்திலும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் ஆண்டு ஆய்வுப் படிவத்தில் ஸ்டியரிங்குக்கென்று ஒரு பக்கத்தைச் சேர்த்துவிடலாம்: கிங் பின் தளர்ச்சி, முட்டில் நழுவல், சிலிண்டர் கசிவு, ரிலீஃப் வால்வு அழுத்தம் என்று அளந்து எழுதும்படி. டிக் போடும் கட்டமாக அது இருக்கக் கூடாது. அளவை எழுதும் கட்டமாக இருக்க வேண்டும்.

நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஷிஃப்ட் தொடங்கும்போது காலி வண்டியை மெதுவாக நகர்த்தி, ஸ்டியரிங்கை இரு முட்டுகளுக்கும் திருப்பிப் பார்த்து, கையை எடுத்ததும் சக்கரம் தானே சுற்றாமல் நிற்கிறதா என்று கவனித்து, பின்பக்கம் குனிந்து தரையில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் குறை தெரிந்தால், சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் உரிமை ஓட்டுநருக்கு இருக்க வேண்டும். இன்றைக்குப் பல ஓட்டுநர்கள் ஒப்பந்த முறையில் வேலை செய்பவர்கள். வடமாநிலங்களிலிருந்து வந்து, தமிழிலோ ஆங்கிலத்திலோ அச்சடித்த செக்லிஸ்டைப் படிக்க முடியாதவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். லாரி வாசலில் காத்திருக்கும்போது வண்டியை நிறுத்தினால் அன்றைய கூலி போய்விடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. இந்த நிலையில் இருப்பவரின் கையெழுத்தை வாங்கிவைத்துக்கொண்டு, விபத்துக்குப் பிறகு, வண்டி நன்றாக இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார் என்று காட்டுவதில் நியாயம் இல்லை. அதற்காக ஓட்டுநர்கள் தவறே செய்வதில்லை என்று நான் வாதிட வரவில்லை. காலி வண்டிதானே என்று வேகமாகத் திருப்பிக் கவிழ்ப்பவர்கள் இருக்கிறார்கள். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முறுக்கி டயரையும் கிங் பின்னையும் அரைப்பவர்களும் இருக்கிறார்கள். அவற்றுக்குப் பயிற்சிதான் மருந்து. ஆனால் ஒரு விபத்தில் ஓட்டுநரின் பங்கு எவ்வளவு, வண்டியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டுமானால், வண்டியைக் கழுவி மறு ஷிஃப்டில் ஓடவிடுவதற்கு முன்பு, அதன் எண்ணெயின் மாதிரியையும், சிலிண்டரின் நிலையையும், கடைசிப் பழுதுப் பதிவையும் விசாரணை அதிகாரி எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாத வாடகைக்கு வரும் வண்டிகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். பண்டிகைக் காலச் சரக்கு நெருக்கடியில் எங்கிருந்தோ வந்து இறங்கும் வண்டிக்கு முன்கதை எதுவும் தெரியாது. மீட்டரில் காட்டும் மணிக்கணக்கு சரிதானா என்பதுகூட உறுதியில்லை. வாடகைக்கு எடுப்பவர், வண்டி வந்த அன்றே சுமையில்லாமலும் சுமையோடும் அதை ஓட்டிப் பார்த்து, கவுண்டர்வெயிட்டுக்கு அடியில் டார்ச் அடித்துச் சிலிண்டரைக் கவனித்து, ஆர்பிட்ராலும் பம்பும் கடைசியாக எப்போது, எதற்காக மாற்றப்பட்டன என்ற பதிவின் நகலைக் கேட்டு வாங்கிய பிறகே டெலிவரி சலானில் கையெழுத்துப் போடும் வழக்கத்தைக் கொண்டுவர வேண்டும். பதிவு தர மறுக்கும் வண்டியை வந்த லாரியிலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்புப் பொறுப்பாளர்,
ஸ்ரீபெரும்புதூர்.